பட்ஜெட் ஃபிளிண்ட்லாக் ரைபிள், பல சீசன் ஓட்டின அனுபவம்

அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் ஒரு மான் சீசன் வரும், 1974-ல ஆரம்பிச்சது, அதுல பெரும்பாலான இடத்துல துப்பாக்கின்னா ஃபிளிண்ட்லாக் மட்டும்தான், அதாவது கல்லு உரசி வர்ற பொறியால வெடிக்கிறது, கேப் வச்சு வெடிக்கிறதோ இன்லைன்னு சொல்ற நவீன ரகமோ கூடாது. அதுக்காகவே செகண்ட்ஹேண்ட்ல ஒரு .50 காலிபர் ஹாக்கன் ஸ்டைல் ரைபிள் வாங்கினேன், மழை பனி சேறுன்னு எல்லாத்துலயும் இழுத்துட்டு அலைஞ்சாச்சு. தெரியாதவங்களுக்கு, நம்மூரு நாட்டுத்துப்பாக்கி மாதிரிதான், குழல் வாய்ல மருந்தைக் கொட்டி, கொழுப்பு தடவின துணியோட ஈயக்குண்டை வச்சு கம்பியால அழுத்தி இறக்கணும்.

பேர்தான் ஹாக்கன், செயின்ட் லூயிஸ்ல ஜேக்கப், சாமுவேல்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் செஞ்ச அசலுக்கும் இதுக்கும் தூரத்து சொந்தம்தான். 1970-ல தாம்சன் சென்டர் கம்பெனி இந்த மாதிரி ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, லாக்குக்குள்ள, அதாவது வெடிக்க வைக்கிற பொறியமைப்புக்குள்ள, பட்டை ஸ்பிரிங்குக்கு பதிலா சுருள் ஸ்பிரிங், அப்புறம் மத்தவங்களும் இறங்கிட்டாங்க. வரலாறு பாக்குற ஆளுங்க கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும். கைவேலை லாங் ரைபிள்ல ஒரு கீறல் விழுந்தா ராத்திரி தூக்கம் வராது, இது பாறைல மோதினா துடைச்சுட்டு நடந்துடலாம்.

உண்மையான எதிரி ஈரம்தான். பான்ல, அதாவது பொறி விழற சின்னக் கிண்ணத்துல, போடற நைஸ் மருந்து ஈரக்காத்துலயே களியாயிடும், அப்ப டிரிகர் அமுக்கினா கல்லு உரசுற சத்தம் மட்டும்தான் கேக்கும், மான் நம்மள பாத்துட்டு நிதானமா போகும். அதனால நான் அடிக்கடி பழைய மருந்தைத் தட்டிட்டு புதுசு போடுவேன், லாக் மேல மெழுகு தடவின தோல் உறை ஒண்ணு கட்டாயம். இன்னொண்ணு, குளிர்ல இருந்து துப்பாக்கிய சூடான வீட்டுக்குள்ள கொண்டு வந்தா குழலே வேர்த்துடும்.

கருமருந்துதான் போடணும், பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்துக்கு தீப்பிடிக்க அதிக சூடு வேணும், கல்லோட பொறிக்கு அது ஒழுங்கா பத்தாது. இப்பத்திய தோட்டாவுல இருக்கற ஸ்மோக்லெஸ் மருந்து கொஞ்சமா போட்டா என்னன்னு கேக்குற ஆளுங்களும் இருக்காங்க, குழல் வெடிச்சு கை போயிடும் சாமி. குண்டு மருந்து மேல ஒட்டி உக்காரணும், நடுவுல இடைவெளி விடறதும் ஆபத்து, அதுக்கு கம்பில ஒரு கோடு போட்டு வச்சுட்டா பாத்தாலே தெரிஞ்சிடும்.

சுட்ட அன்னைக்கே கழுவிடணும், நாளைக்குன்னு விட்டா மருந்துக் கழிவு ஈரத்தை இழுத்து துரு பிடிச்சிடும். இந்த ரகத்துல ஒரு வசதி, குழலைக் கட்டையோட பிடிச்சிருக்கற ஆப்பைத் தட்டி எடுத்தா குழல் தனியா கழண்டு வந்துடும், அடிப்பக்கத்தை பக்கெட் வெந்நீர்ல வச்சு கம்பில துணி சுத்தி பம்பு அடிச்சா கருப்புத் தண்ணி வந்துட்டே இருக்கும், அழுகின முட்டை நாத்தம், வீட்ல திட்டு நிச்சயம்! அடிப்பாகம் குறுகலா இருக்கிறதால அங்க மட்டும் சின்ன பிரஷ் வேணும். கூட வர்ற மரக்கம்பிய நம்பாதீங்க, சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு தனியா ஒரு கம்பி வச்சுக்கங்க.

70 கிரெயின் (துப்பாக்கிக்காரங்க பாக்குற சின்ன அளவு) மருந்துக்கு .490 குண்டு, 177 கிரெயின் எடை, 75 கஜம் வரைக்கும் மான் மேல நம்பி சுடறேன், அதுக்கு மேல விட்டுடறேன். பொறி விழுந்து வெடிக்கிற நொடி வரைக்கும் ஆடாம நிக்கணும், கண்ணு முன்னாடி நெருப்பு பத்துறது பழகவே கொஞ்ச நாளாகும். டிரிகர் ரெண்டு இருக்கும், பின்னாடி உள்ளதை முதல்ல செட் பண்ணிட்டா முன்னாடி உள்ளது லேசா தொட்டாலே போதும், கையுறை போட்டிருந்தா அந்த செட் பக்கமே போகாதீங்க.