கண்ணாடி ஃப்ரேமா, சன்போர்டா, ஜன்னல் மவுண்டா: இறுதியாண்டு டிஸ்ப்ளேவுக்கு எது?

ஓவியம் படிக்கிறவர்கள் கடைசி வருடம் வைக்கும் கண்காட்சிதான் இறுதியாண்டு டிஸ்ப்ளே. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கையில் 31 படங்கள் இருந்தன. எல்லாம் அரைத்தாள், 15க்கு 22 அங்குலம். பாதி கரி, மீதி மசியும் நீர்வண்ணமும். காசிமேட்டுத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்டவை. வழிகாட்டியாக இருந்த சார் ஒரே மதியத்தில் அவற்றை 12 ஆக்கிவிட்டார். "வலை பிரிக்கிற படம் ஆறு இருக்குப்பா. ஒண்ணு போதும், மத்த அஞ்சும் அதையேதான் சொல்லுது" என்றார். வலித்தது, ஆனால் சரிதான். அப்புறம்தான் பெரிய குழப்பம்: இந்தப் பன்னிரண்டையும் எப்படிச் சுவரில் ஏற்றுவது?

முதலில் சன்போர்டு, நுரை மாதிரி லேசான பிளாஸ்டிக் பலகை. மலிவு, எடை இல்லை, இரட்டைப் பக்க டேப் போட்டால் சுவரில் நிற்கும். பிரிண்ட் எடுத்த போட்டோவுக்கும் போஸ்டருக்கும் தாராளமாகப் போகலாம். கையால் போட்ட அசலுக்கு மட்டும் வேண்டாம். என் வகுப்புத் தோழி ஒருத்தி பத்துப் படங்களை வெள்ளைப் பசை தடவி ஒட்டினாள். அன்று பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆறு மாதம் கழித்து வேறொரு கண்காட்சிக்கு இரண்டு படம் கேட்டார்கள். பலகை வளைந்திருந்தது, தாளை உரிக்க முடியவில்லை. பலகையோடு சேர்த்து அறுத்துத்தான் கொடுத்தாள்.

அடுத்தது கண்ணாடி ஃப்ரேம். வீட்டில் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். ஃப்ரேம் போட்டால் படத்துக்கு ஒரு மரியாதை வந்துவிடும் என்பது உண்மை. எதிரே ஜன்னலோ டியூப்லைட்டோ இருந்தால் படத்துக்குப் பதில் நம் முகம்தான் தெரியும் என்பதும் உண்மை. எடையைக் கணக்குப் போட்டேன். 2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. 22க்கு 28 அங்குல ஃப்ரேம் ஒன்றுக்குக் கண்ணாடி மட்டும் 2 கிலோ, பன்னிரண்டுக்கு 24 கிலோ. மரச்சட்டமும் பின்பலகையும் தனி. ஆட்டோவில் ஏற்றி, மாடியேற்றி, திரும்ப இறக்க வேண்டும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் எடை பாதியாகும். ஆனால் துடைக்கத் துடைக்க அதில் நிலைமின் ஏறிக் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். கரிப்படத்துக்கு அது எமன்.

எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் முடிவை மாற்றியது மழையை நினைத்துத்தான். டிஸ்ப்ளே ஐந்தே நாள். ஆறாம் நாளிலிருந்து படம் எங்கே இருக்கப்போகிறது? என் விஷயத்தில், சென்னையில் ஒரு வாடகை வீட்டில், கட்டிலுக்கு அடியில். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வீட்டில் உப்பு ஜாடியே கசியும். தாள் மட்டும் சும்மா இருக்குமா? காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நாம் சொல்லாவிட்டால் பல கடைகளில் தாளை நேராகக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துத்தான் அடிப்பார்கள். ஈரம் உள்ளே சிக்கினால் நீர்வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், தாளில் பழுப்புப் புள்ளி விழும். பின்பக்கம் ஹார்டுபோர்டு வைத்து ஆணி அடித்து, மேலே காகிதமும் ஒட்டியிருப்பதால் திறந்து பார்க்கவும் வழியில்லை. எங்கள் சித்தி வீட்டுக் கூடத்தில் நான் முதலாண்டில் கொடுத்த ஒரு படம் தொங்குகிறது. அதில் வானம் முழுக்க அம்மை போட்டது போலப் புள்ளி. சித்தி அதை நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் ஜன்னல் மவுண்ட்: முன்னால் ஜன்னல் வெட்டிய அட்டை, பின்னால் முழு அட்டை, நடுவே படம். 22க்கு 28 மவுண்ட் போர்டு இரண்டு. ஒன்றில் 14½க்கு 21½ அங்குல ஜன்னல், 45 டிகிரி சாய்வாக வெட்டியது. ஜன்னலுக்கு மேலே 3 அங்குல ஓரம், கீழே 3½. கீழே கொஞ்சம் கூட விட்டால்தான் படம் சரிந்து விழுவது போலத் தெரியாது. அமிலம் இல்லாத போர்டு என்று கேட்டு வாங்க வேண்டும், சாதா அட்டை சில வருடங்களில் தாளையும் மஞ்சளாக்கிவிடும். படத்தை நாலு பக்கமும் ஒட்டவே கூடாது. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய தாளில் இரண்டு கீல், மைதாப் பசையால். ஈரத்தில் தாள் விரியும். நாலு பக்கமும் பிடித்துக்கொண்டால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். செல்லோடேப் பக்கமே போகாதீர்கள், அது போன பிறகும் கறை இருக்கும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மைதாவில் மயில்துத்தம் கலப்பார்கள், நான் கலக்கவில்லை. பசை பொட்டளவுதான் என்பதால் தாளையும் பசையையும் தின்னும் ராமபாணப் பூச்சிக்குப் பெரிய விருந்து இல்லை என்று நம்புகிறேன். இதுவரை இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன், பத்து வருடக் கதை சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

செலவு, ஒரு ஃப்ரேமின் காசில் மூன்று மவுண்ட். ஆணியும் புல்டாக் கிளிப்பும் போட்டு, ஒவ்வொரு படத்தின் நடுவும் தரையிலிருந்து 58 அங்குலத்தில் வருமாறு தொங்கவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் நாள் ஒரு சின்னப் பையன் படகின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். கரி உதிராமலிருக்க ஃபிக்ஸடிவ் என்ற ஸ்ப்ரே அடித்திருந்தும் விரல் ரேகை அப்படியே விழுந்தது. கறுப்பு அடர்ந்துவிடும் என்று பயந்து லேசாகத்தான் அடித்திருந்தேன். அன்று மாலையே வாசலை ஒட்டியிருந்த இரண்டு கரிப்படங்களை மட்டும் கண்ணாடிக்குள் போட்டேன், மவுண்டோடு சேர்த்தே. போர்டின் கனம் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி கொடுத்துவிடுகிறது. பின்பக்கம் ஆணிக்குப் பதில் திருப்பும் கிளிப் வைக்கச் சொன்னேன். எல்லா மவுண்டும் ஒரே வெளியளவு என்பதால், இன்றும் கண்காட்சிக்கு அழைப்பு வந்தால் அதே இரண்டு ஃப்ரேம்தான், உள்ளே படம் மட்டும் மாறும்.

கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் போடுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது, நான் தாள்காரன். மற்ற பத்தும் நடுவே பட்டர் பேப்பர் வைத்துத் தட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. தை பிறந்ததும் வெயில் படாத வராந்தாவில் ஒரு நாள் பரப்பி வைக்கிறேன், அம்மா வற்றல் காயவைக்கும் அதே கயிற்றுக் கட்டிலில்.