சும்மா கிடைத்த அஸ்ட்ரோலாப்

சிறுவர் இதழ் ஒன்றுக்குப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. போன மாதம் அஸ்ட்ரோலாப் என்ற பழைய வானியல் கருவியின் படம் தேவைப்பட்டது, அதுவும் அச்சுக்குத் தாங்கும் தரத்தில். அவசரத்தில் படம் விற்கும் தளம் ஒன்றில் பணத்தைக் கட்டிவிட்டேன். அப்புறம் பார்த்தால், அதே படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் சும்மாவே கிடக்கிறது! சரி, போனது போகட்டும்.

மெட் தளம் எனக்குத் தங்கச் சுரங்கம். காப்புரிமை முடிந்த பொருள்களின் படங்கள் 3,75,000-க்கும் மேல் 2017 பிப்ரவரியில் சிசி ஜீரோ (CC0) என்ற, யாரும் எதற்கும் தாராளமாகப் பயன்படுத்த விடும் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். அனுமதி கேட்க வேண்டாம், அட்டையில்கூடப் போடலாம். தேடும்போது 'ஓப்பன் ஆக்சஸ்' என்பதை டிக் செய்துகொள்ளுங்கள்.

நான் எடுத்தது 1291-இல் ஏமனில் செய்த பித்தளைக் கருவி. செய்தவர் உமர் இப்னு யூசுப். சில ஆண்டுகளில் அந்நாட்டு சுல்தானே ஆனவர். படத்தைப் பெரிதாக்கினேன். விண்மீன்களின் இடத்தைக் காட்டும் கொக்கி முனைகள், பொறித்த அரபு எழுத்துகள் என்று மேய்ந்ததில் டீ ஆறிப்போனது.

ஒரு விஷயம்: மெட் என்பது கலைப் பொருள்களுக்கான அருங்காட்சியகம். நுண்ணோக்கி, மின்கருவி வேண்டுமென்றால் லண்டன் சயின்ஸ் மியூசியம் குழுமத் தளம்தான் தோது. ஆனால் அங்கே பெரும்பாலான படங்கள் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே. விலை போட்டு விற்கும் இதழ் என்றால், உரிமத்தைப் படித்துவிட்டு இறக்குங்கள்.