கும்பகோணம் பக்கம் தரைக்கு வினைல் பலகை ஒட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இருபத்து நாலாயிரத்துச் சொச்சம் போச்சு. பணத்தைவிட, வைகாசி வெயிலில் மூன்று நாள் முட்டி தேய நானே குனிந்து ஒட்டிய தரை ஐப்பசியில் அப்பளம் மாதிரி எழும்பி நிற்பதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. கடைப் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். இதே பேச்சைப் பேசி இதே சரக்கை விற்கும் கடை அது ஒன்றுதானா என்ன?

வீடு அரசலாற்றுக்குப் பக்கத்தில், தாத்தா கட்டிய ஓட்டு வீடு. கூடமும் ஓர் அறையும் சிவப்புக் காவித் தரை. அங்கங்கே வெடித்து, அம்மா கால் இடறும் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. டைல்ஸ் போடலாம் என்றால் கொத்தனார், சித்தாள், மண்ணு, சிமெண்ட் என்று ஒரு மாதம் வீடு அலங்கோலமாகும். வினைல் பலகை (மரப் பலகை மாதிரி டிசைன் போட்ட பிளாஸ்டிக்) என்றால் கத்தியும் ஸ்கேலும் போதும், நாமே போட்டுக்கொள்ளலாம் என்று வீடியோ பார்த்து முடிவு செய்தேன்.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று எஸ்.பி.சி.: சுண்ணாம்புக்கல் பொடியும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்திய கெட்டிப் பலகை, ஓரத்தில் ஒன்றோடொன்று 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும், பசை வேண்டாம். இன்னொன்று மெல்லிசு, பசை தடவி ஒட்டுவது. கிளிக் வகையைத்தான் கேட்டேன். கடைக்காரர் விடவில்லை. "அது பெரிய எடத்துக்குண்ணே. வீட்டுக்கு, நீங்களே போடறதுன்னா ஒட்டற வகைதான் சுளுவு. நூறு பர்சன்ட் வாட்டர் ப்ரூஃப்" என்று ஒரு பலகையைத் தட்டில் வைத்து ஒரு தம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். துடைத்துக் காட்டினார். நானும் தலையாட்டினேன்.

தரைத்தளம், காவித் தரை, ஆற்றோரம் என்று எல்லாம் சொன்னேன். "ஒண்ணும் ஆகாதுண்ணே, நான் பொறுப்பு."

கூடமும் அறையும் சேர்த்து 368 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 405. பெட்டிக்கு 36 சதுர அடி, பன்னிரண்டு பெட்டி, அடி 52 ரூபாய். கூட, லேபிளே இல்லாத வெள்ளை டப்பாவில் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை, இரண்டாயிரம். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். கடைப் பெயர் கிடையாது, ஜி.எஸ்.டி. நம்பர் கிடையாது. "வினைல் 12 பெட்டி" என்று பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கல். பில் போட்டால் வரி தனி என்றார்கள். அந்த 18 சதவீதத்துக்கு ஆசைப்பட்டது என் தப்பு.

முதல் ஏமாற்று ஒட்டும்போதே தெரிந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் நாலு பெட்டியின் நிறம் ஒரு சாயல் மட்டு. பெட்டி ஓரத்தில் பார்த்தேன், பேட்ச் நம்பர் வேறு. போனில் கேட்டால், "மரம்னா ஒரே கலர்லயா இருக்கும்? அதான் இயற்கைண்ணே" என்றார். பிளாஸ்டிக்கு இயற்கை! அந்த நாலு பெட்டியையும் அறைக்குள் தள்ளி ஒட்டினேன்.

ஆடி கழியும் வரை தரை அருமையாக இருந்தது. வந்தவர்களெல்லாம் யார் போட்டது என்று கேட்டார்கள், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அம்மா மட்டும், "ஐப்பசி வரட்டும்டா, பாப்போம்" என்றார்கள். அறுபது வருஷம் அந்தத் தரையைப் பெருக்கிய கை.

ஐப்பசி இரண்டாவது வாரம், கொல்லைப்புறக் கதவுப் பக்கம் நடந்தால் 'பச்சக் பச்சக்' என்று சத்தம். ஒரு பலகையின் மூலையைக் காய் நறுக்கும் கத்தியால் நெம்பினேன். முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். பசை நீர்த்து, புளித்த கூழ் மாதிரி, அதே வாடையோடு. பிரித்துப் போட்ட இடத்தில் இரண்டு நாளில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

நடந்தது இதுதான். பழைய வீடுகளில் தரைக்கடியில் ஈரம் தடுக்கிற பாலிதீனோ தார்ப்பூச்சோ கிடையாது. நம் ஊர் வண்டல் மண். ஆற்றில் தண்ணீர் வந்து, மேலே மழையும் சேர்ந்தால் நிலத்தடி நீர் விறுவிறு என்று ஏறும். எங்கள் கிணற்றில் வைகாசியில் முழுக் கயிறும் விடவேண்டும், ஐப்பசியில் குனிந்து செம்பால் மொள்ளலாம். அந்த ஈரம் தரை வழியாக மேலே கசிந்து காற்றில் உலர்ந்துகொண்டிருந்தது. நான் பிளாஸ்டிக் போட்டு மூடினேன். போக வழியில்லாமல் அடியில் நின்று பசையைக் கரைத்துவிட்டது. வாட்டர் ப்ரூஃப் என்பது மேலே கொட்டும் தண்ணீருக்கு. கடைக்காரர் தம்ளரை ஊற்றிக் காட்டியது மேல்பக்கம்.

ஈரம் பார்க்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரம் கெட்டிப் பாலிதீனைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்ளே வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ பசைவேலை ஆகாது. எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். ஆனால் நம் ஊரில் இதைச் சித்திரை, வைகாசியில் செய்தால் காய்ந்த தரைதான் தெரியும். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதற்கு முன் ஆறு மணலாகக் கிடக்கும்போது சோதனை செய்து என்ன பிரயோஜனம்? நான் கார்த்திகையில் செய்து பார்த்தேன், ராத்திரிக்குள் பாலிதீன் நனைந்துவிட்டது.

பெயர்த்த பலகையோடு கடைக்குப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பலகைக்கு ஒண்ணும் ஆகலியேண்ணே?" என்றார். வாஸ்தவம்தான், பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. பசை? "அது வேற கம்பெனி." நான் பொறுப்பு என்றது? "சீட்டுல இருக்கா?"

ஐ.டி.ஐ. படிக்கும் அக்கா பையன் வெர்னியர் காலிபர் கொண்டுவந்து அளந்தான். பெட்டியில் கனம் 2 மி.மீ. என்று அச்சடித்திருக்கிறது, எந்தப் பலகையும் 1.5-ஐத் தாண்டவில்லை. கடையிலேயே அளந்திருக்கலாம்.

1915-க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். நல்லவேளை, பத்தாயிரத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தேன். அந்த ரசீது, பேட்ச் நம்பர் தெரியும் பெட்டிப் படங்கள், காலிபர் படம் எல்லாம் சேர்த்துப் புகார் பதிவாகியிருக்கிறது. 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். மாவட்ட ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. புகார் போன பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது, வேறு டிசைனில் மூன்று பெட்டி தருகிறார்களாம். அதை வைத்து நான் என்ன செய்ய?

மாடி அறை என்றால் ஒட்டும் வகை போடுங்கள், தப்பில்லை. தரைத்தளத்தில் வினைல்தான் வேண்டும் என்றால் கிளிக் வகை, அடியில் பாலிதீன், சுவரோரம் கால் அங்குல இடைவெளி. அதற்கும் தரை மட்டமாக இருக்கவேண்டும். பழைய கூடங்கள் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும், மட்டப்பலகை வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்; மேடு பள்ளத்தில் பூட்டு உடையும். எங்கள் வீட்டில் நான் அதையும் போடப் போவதில்லை.

இப்போது என் பிரச்சினை வேறு. காவித் தரையில் பாதி இடம் கரையாத பசை திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடக்கிறது. தின்னர் போட்டால் காவியும் சேர்ந்து வருகிறது, வெந்நீர் ஊற்றிச் சுரண்டினால் ஒரு சதுர அடிக்கு அரை மணி நேரம் ஆகிறது. காவிக்குச் சேதமில்லாமல் எடுக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். பொங்கலுக்கு அக்கா குடும்பம் வருகிறது.