டி-பாரா, லிங்க்கா? சுங்கை சிப்புட் தரைக்கு எந்தப் பேன் கார்

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் ரிமோட் கார் ரேஸ் ஓட்டுவதென்றால் முதலில் யோசிக்க வேண்டியது தரையைத்தான். யூடியூப்பில் காட்டும் சாம்பல் நிறக் கம்பளம் நமக்கு இல்லை. கிடைப்பவை இரண்டு: மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தின் வழவழப்பான சிமெண்டுத் தரை, அல்லது பசார் மாலாம் (இரவுச் சந்தை) போடாத நாளில் காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடத்துத் தார். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் இரண்டு வகைப் பேன் கார் பற்றிக் கீழே வரும் அலசலைப் படிக்க வேண்டும். ஐரோப்பியக் கம்பளத்துக்கு எழுதின செட்டிங் தாளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கார் முதல் வளைவிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

பேன் கார் என்பது தட்டையான அடித்தட்டில் கட்டிய ரிமோட் ரேஸ் கார். அதில் டூரிங் காரைப் போல நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கைகள் கிடையாது. அடியில் ஒரே தட்டு. முன்சக்கரங்கள் கிங்பின் என்ற செங்குத்து ஊசியில் சின்னச் சுருள்வில்லோடு மேலும் கீழும் நகரும். பின்னால் மோட்டாரையும் அச்சையும் சேர்த்துச் சுமக்கும் பெட்டிக்குப் போட் (pod) என்று பெயர். இந்தப் போட் அடித்தட்டோடு எப்படிச் சேர்கிறது என்பதில்தான் இரண்டு கட்சி.

டி-பார் கட்சியில், ‘T’ வடிவத்தில் வெட்டிய ஒரு ஃபைபர்கிளாஸ் தட்டு இரண்டையும் இணைக்கிறது. அந்தத் தட்டு வளைவதும் முறுக்குவதும்தான் பின் சஸ்பென்ஷன். டாமியா கம்பெனியின் எஃப்103, எஃப்104 போன்ற 1/10 (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு) ஃபார்முலா கார்கள், அதாவது எஃப்1 வகை, இந்த வழி. லிங்க் கட்சியில் தட்டே இல்லை. நடுவில் ஒரு உருண்டை மூட்டு, இரு பக்கமும் பால் ஜாயின்ட் வைத்த தண்டுகள். சாய்வைப் பக்கத்துச் சுருள்வில்கள் பார்த்துக்கொள்ளும், மேலும் கீழுமான ஆட்டத்தை நடு ஷாக் பார்த்துக்கொள்ளும். இன்றைய 1/12 ரேஸ் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

செட்டிங்கில் இரண்டும் எங்கே பிரிகின்றன? லிங்க் காரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாகம். வளைவில் பின்பக்கம் வழுக்குகிறதா, பக்கத்து வில்லை இளகலானதாக மாற்றலாம். கார் கைக்கு மந்தமாக வருகிறதா, சாய்வின் வேகத்தை அடக்கும் டியூபில் போடும் சிலிக்கான் லூபை (பசை போன்ற எண்ணெய்) இளகலாக்கலாம். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது முன்பக்கம் தூக்குகிறதா, நடு ஷாக்கில் கை வைக்கலாம். ஒன்றைத் தொட்டால் மற்றது பெரும்பாலும் அப்படியே இருக்கும். டி-பாரில் இது நடக்காது. தடிமன் குறைந்த தட்டு போட்டால் சாய்வும் இளகும், மேலே கீழே ஆட்டமும் இளகும். இரண்டும் ஒரே தட்டின் வேலை என்பதால் முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது கடினம்.

காகிதத்தில் பார்த்தால் லிங்க்தான் ஜெயிக்கும். கம்பளத்திலும் அதுதான் ஜெயிக்கிறது. ஆனால் பிடிப்பு குறைந்த, மேடுபள்ளமான தாரில் டி-பார் கார் ஓட்டச் சுலபம் என்று ரேஸ் ஓட்டுபவர்கள் பலர் சொல்வார்கள், நம் ஊர்த் தாரிலும் அதுவே என் முடிவு. மொத்தத் தட்டும் சேர்ந்து வளைவதால் பின்பக்கம் திடீரென்று விட்டுவிடுவதில்லை, முன்கூட்டியே ஒரு அறிகுறி காட்டிவிட்டுத்தான் நழுவும். புதிதாக வரும் தம்பிக்கு அந்த அரை நொடி பெரிய உதவி.

பராமரிப்பில்தான் வித்தியாசம் இன்னும் கூர்மை. லிங்க் காரின் பலமெல்லாம் உராய்வில்லாமல் நகரும் மூட்டுகளில் இருக்கிறது. நம் ஊர்ச் செம்மண் தூசி அந்த உருண்டைகளில் ஒட்டும், டியூபின் லூபில் கலந்து பசையாகும். ஓடி முடித்ததும் டியூபைக் கழற்றி, துடைத்து, புது லூப் போடாவிட்டால் அடுத்த வாரம் ஒரு பக்கம் இறுகி, கார் இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி ஓடும். டி-பாரில் துடைக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் தட்டு களைத்துப்போகும். வெளியே விரிசல் தெரியாமலே உள்ளே இழைகள் பிரிந்து, கார் காரணமில்லாமல் மந்தமாகும். அதனால் டி-பார் வைத்திருப்பவர் ஒரு மாற்றுத் தட்டைப் பெட்டியில் வைத்திருப்பது கட்டாயம். தபாலில் வர நாளாகும், அதற்குள் ரேஸ் போய்விடும்.

ட்வீக், அதாவது கார் ஒரு பக்கமாக முறுக்கியிருக்கிறதா என்று பார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்று. தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் காரை வைத்து, முன்மூக்கின் சரியான நடுவில் கத்தி முனையால் மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக எழ வேண்டும். ஒன்று முந்தினால், லிங்க் காரில் பக்கத்து வில்லின் திருகைக் கால் சுற்று திருப்பினால் போதும், டி-பாரில் தட்டை அடித்தட்டோடு பிடிக்கும் இரு திருகுகளின் இறுக்கத்தை மாற்ற வேண்டும். இதில் லிங்க் கொஞ்சம் நிம்மதி, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் டயர். உண்மையைச் சொன்னால், சேஸி பற்றிய சண்டையைவிட இங்கேதான் காசும் நேரமும் போகிறது. 1/12 கார் ஸ்பாஞ்சு டயரில் ஓடும், எஃப்1 வகைக்கு ரப்பரும் போடலாம். ஸ்பாஞ்சு, சிமெண்டிலும் கம்பளத்திலும் அருமையாகப் பிடிக்கும். தாரிலோ தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய இரண்டு விஷயம் மாறும். ஒன்று, காரின் உயரம். 1/12 கார் தரைக்கு மேல் 3 மில்லிமீட்டர் அளவில்தான் ஓடுகிறது, டயர் விட்டத்தில் 2 மில்லிமீட்டர் தேய்ந்தால் அதில் 1 மில்லிமீட்டர் காணாமல் போகும். அச்சின் உயரச் செருகலை மாற்றாவிட்டால் அடித்தட்டு தாரில் உரசும்.

இரண்டாவது, கியர். மோட்டார் ஒரு சுற்று சுற்றும்போது கார் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைத்தான் ரோல்அவுட் என்கிறார்கள். டயர் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, பினியன் (மோட்டாரின் சின்னப் பல்சக்கரம்) பல் எண்ணிக்கையால் பெருக்கி, ஸ்பர் (அச்சின் பெரிய பல்சக்கரம்) பல் எண்ணிக்கையால் வகுத்தால் வந்துவிடும். 42 மில்லிமீட்டர் டயர், 50 பல் பினியன், 76 பல் ஸ்பர் என்றால் ஏறத்தாழ 86.8 மில்லிமீட்டர். அதே டயர் 40 ஆகத் தேய்ந்தால் 82.7 தான். கார் நேர்க்கோட்டில் இழுக்கவில்லை என்று மோட்டாரைக் குறை சொல்லும் பலருக்கு உண்மையான காரணம் இதுவே. 52 பல் பினியன் போட்டால் 86 வந்துவிடும். ரப்பர் டயரில் இந்தக் கணக்கு கிட்டத்தட்டத் தேவையில்லை, விட்டம் அவ்வளவு மாறுவதில்லை. நம் தாருக்கு ரப்பரை நான் பரிந்துரைக்க முதல் காரணம் அதுதான்.

ஸ்பாஞ்சு போட்டால் பிடிப்புத் திரவம் தடவ வேண்டும். முன் டயரில் உள்பக்கத்துப் பாதிக்கு மட்டும், பின்னால் முழுவதும் என்று ஆரம்பிக்கலாம். மண்டபக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், தரையில் கறை பட்டால் அடுத்த முறை சாவி கிடைக்காது. முன் டயரின் வெளி ஓரத்தில் சூப்பர் குளூ மெல்லியதாகப் பூசினால் ஓரம் கிழியாது, அதிகப் பிடிப்பில் கார் புரளவும் செய்யாது.

டிஃப்பும் (வளைவில் இரு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) பேட்டரியும் இரண்டு கட்சிக்கும் பொது. உருண்டைகள் வைத்த பால் டிஃப்பின் எதிரி நம் ஊர் ஈரப்பதம்: இரும்பு உருண்டைகளும் தள்ளு பேரிங்கும் துருப்பிடிக்கும், செராமிக் உருண்டைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பின்சக்கரம் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு ஸ்பரைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். நழுவினால் நட்டை இறுக்குங்கள், இல்லாவிட்டால் வளையங்கள் தேய்ந்துவிடும். லைப்போ பேட்டரியை ஓடாத நாளில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டவே வேண்டாம். 1/12 காரில் ஒரே செல், 3.7 வோல்ட். ரிசீவருக்கும் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கும் அது போதாது என்பதால் வோல்ட்டை உயர்த்தும் பூஸ்டரோ பூஸ்டர் உள்ள ஸ்பீட் கன்ட்ரோலரோ தனியாக வேண்டும். எஃப்1 காரில் இரண்டு செல் என்பதால் இந்தச் செலவு இல்லை.

“அண்ணே, எதை வாங்கட்டும்?” என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில்: தாரில் ஓட்டப்போகிறீர்களா, ஒரே காரை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளப் போகிறீர்களா, டி-பார் எஃப்1 ரப்பரோடு. மண்டபம் உறுதியாகக் கிடைக்கிறது, ஓடி முடித்த இரவே காரைப் பிரித்துத் துடைக்கும் பொறுமையும் இருக்கிறது என்றால் 1/12 லிங்க். வேகத்தில் அதுதான் மேல், சந்தேகமில்லை.

பழைய கார் வாங்குவதானால், டி-பாரின் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திருகுத் துளையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் புதுத் தட்டின் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். லிங்க் காரில் நடு ஷாக்கையும் பக்கத்து வில்களையும் கழற்றிவிட்டு போட்டைக் கையால் ஆட்டுங்கள். எங்கும் சிக்காமல் தானாக விழ வேண்டும், மூட்டுகளில் லொடலொடப்பும் இருக்கக் கூடாது. சிக்கினால் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். லொடலொடத்தால் மூட்டுகள் எல்லாம் புதிது வாங்க வேண்டும், அதை விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார்.