விலங்குத் தகவமைப்புச் செயல்பாட்டுப் பெட்டி: பொருள்கள் நன்று, கையேடு திருத்தப்பட வேண்டும்

விலங்குகளின் தகவமைப்புகளை மாணவர்கள் தம் கைகளால் செய்து பார்த்துப் புரிந்துகொள்வதற்கென விற்கப்படும் வகுப்பறைப் பெட்டி ஒன்றை ஓராண்டாக ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பயன்படுத்தி வருகிறேன். பறவை அலகுகள், கொழுப்புக் கையுறை, உருமறைப்பு, இறகும் நீரும் ஆகிய நான்கு செயல்பாடுகளுக்கான பொருள்களும், விலங்குப் பட அட்டைகளும், ஆசிரியர் கையேடு ஒன்றும் அதில் உள்ளன. பொருள்கள் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. கையேட்டின் மீது நிறையவே உண்டு. வாங்க நினைப்பவர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

பெட்டியின் உயிர்நாடி அலகுச் செயல்பாடு. சாமணம், துணிக் கிளிப், கரண்டி, சொட்டுக்குழாய் ஆகியவை அலகுகள். விதைகள், புழுக்களாகக் கொள்ளப்படும் ரப்பர் வளையங்கள், தேனாகக் கொள்ளப்படும் நிறமேற்றிய நீர் ஆகியவை உணவுகள். ஒவ்வொரு மாணவரும் ஒரே அலகைக் கொண்டு ஒரு நிமிடத்துக்குள் தம் கோப்பையை நிரப்ப வேண்டும். கையேடு சொல்கிறபடி எல்லா உணவையும் ஒரே தட்டையான தட்டில் பரப்பி வைத்தபோது, கரண்டி வைத்திருந்தவர்களே எல்லாவற்றையும் வாரிக்கொண்டார்கள். எந்த அலகும் எந்த உணவுக்கும் சிறப்பாகப் பொருந்தியதாகத் தெரியவில்லை. மறுமுறை வளையங்களை மணலுக்குள் புதைத்து, நீரைக் குறுகிய வாயுள்ள குப்பியில் ஊற்றி, விதைகளை அட்டையின் இடுக்குகளில் செருகி வைத்த பிறகுதான் செயல்பாடு பேசத் தொடங்கியது. உணவு இன்னது என்பதைப் போலவே அது இருக்கும் இடமும் அலகின் பயனைத் தீர்மானிக்கிறது என்பதை மாணவர்களே சொன்னார்கள்.

கையேடு இச்செயல்பாட்டை ஒரே சுற்றோடு முடித்துவிடுகிறது, இது வருந்தத்தக்கது. நான் அதை நான்கு தலைமுறைகளுக்கு நீட்டினேன். குறைந்த அளவு உணவுகூடச் சேர்க்காதவர்கள் விலகிக்கொள்ள, அடுத்த சுற்றில் அவர்களுடைய இடங்களுக்கு, பிழைத்தவர்கள் வைத்திருந்த அலகு வகைகளே வழங்கப்பட்டன. இரண்டாம் சுற்றுக்குப் பின் சிறு விதைகளை மொத்தமாக எடுத்துவிட்டேன். பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவில் 1977-ஆம் ஆண்டின் வறட்சியில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுதான். 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளை அளந்துவந்த உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும், மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோனபோது, நம் நெருஞ்சியின் உறவுச்செடி ஒன்றின் கடினமான முள்விதைகளை உடைக்க வல்ல தடித்த அலகுப் பறவைகளே மிகுதியாகப் பிழைத்ததையும், அவற்றின் குஞ்சுகளிலும் அலகுத் தடிமன் கூடியிருந்ததையும் பதிவு செய்தார்கள். அந்த வேறுபாடு அரை மில்லிமீட்டர் அளவே. 1983-இன் பெருமழைக்குப் பின் சிறு விதைகள் பெருகியபோது போக்கு திசை மாறியது. எந்தத் தனிப் பறவையின் அலகும் தன் வாழ்நாளில் தடிக்கவில்லை என்பதை, கையில் இருந்த சாமணம் கடைசிவரை சாமணமாகவே இருந்ததைக் கண்ட மாணவர்களுக்குத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, கொழுப்புக் கையுறை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பையைச் செருகி, இரண்டுக்கும் நடுவே கட்டித் தாவரக் கொழுப்பை நிரப்பி, உட்பைக்குள் கையை விட்டுப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவது பழகிய சோதனைதான். பெட்டியில் ஒரே ஒரு கையுறை இருக்கிறது. அதை வெறுங்கையோடு ஒப்பிடும்படி கையேடு கூறுகிறது. வெறுங்கை நனைகிறது, கையுறைக்குள் இருக்கும் கை நனைவதில்லை. எனவே வேறுபாடு கொழுப்பால் வந்ததா, பையால் வந்ததா என்பது தெரியாமலே போகிறது. கொழுப்பில்லாத வெற்று இரட்டைப் பை ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதை நானே செய்து கொடுத்தபோது, ஒரு குழுவின் வெற்றுப் பை ஏறக்குறைய கொழுப்புப் பையின் அளவுக்கே கையைக் காத்துவிட்டது. முதலில் சோதனை கெட்டது என்றே நினைத்தேன். பின்னர்தான் பைகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருந்தது தெரிந்தது. நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 24 மடங்கு வெப்பம் கடத்துவது. எனவே அசையாமல் அடைபட்ட காற்று நல்ல போர்வை. திமிங்கிலத்தைப் போலத் தடித்த கொழுப்புப் படலம் இல்லாத கடல் நீர்நாய், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகள் செறிந்த தன் உரோமத்துக்குள் காற்றைப் பிடித்துவைத்தே குளிர்க்கடலில் வாழ்கிறது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் மூன்று கையுறைகள்: காற்றைப் பிதுக்கி வெளியேற்றியது ஒன்று, காற்றடைத்தது ஒன்று, கொழுப்பு நிரப்பியது ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெப்பமானியை வைத்துவிட்டால், மாறி மாறிக் கையை அமிழ்த்தி அழுகிற முகங்களையும் தவிர்க்கலாம். கையை வைப்பதானாலும் அரை நிமிடத்துக்கு மேல் அனுமதிக்கக் கூடாது. கையேட்டில் இந்த எச்சரிக்கையே இல்லை.

இறகுச் செயல்பாடு பத்து நிமிட வேலை. எண்ணெய் தடவிய தாளில் நீர்த்துளி உருண்டோடும், பார்க்க அழகு. இறகின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று கொக்கியிட்டுப் பின்னியிருப்பதும் நீரைத் தடுக்க உதவுகிறது என்பதைக் கையேடு விட்டுவிட்டது; உண்மையான இறகு ஒன்றையும் உருப்பெருக்கியையும் கொடுத்தால் போதும்.

உருமறைப்புச் செயல்பாட்டுக்கு வந்திருக்கும் தாள் அந்துப்பூச்சிகளும் மரப்பட்டைப் படங்களும் தரமானவை. ஆனால் தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கருத்தபோது இங்கிலாந்தின் அந்துப்பூச்சிகள் ‘தம் நிறத்தைக் கருப்பாக மாற்றிக்கொண்டன’ என்று அந்தப் பக்கம் தொடங்குகிறது. கரும்பூச்சிகள் புதிதாய் எழுந்த விருப்பத்தால் வந்தவை அல்ல. மான்செஸ்டரில் 1848-இலேயே அவை அரிதாகக் காணப்பட்டிருக்கின்றன. பறவைகளின் கண்ணில் வெளிறியவை எளிதில் பட்டதால், கருத்தவற்றின் பங்கு தலைமுறைதோறும் ஏறியது. காற்று தூய்மையானபின் மீண்டும் இறங்கியது.

இந்தப் பிழை ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை. கரடி குளிருக்காகக் கொழுப்பை வளர்த்துக்கொண்டது, ஒட்டகம் பாலைவனத்துக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது என்றே கையேடு முழுவதும் செல்கிறது. நம் மொழியில் ‘கொள்’ என்ற துணைவினை, செய்கிறவர் தம் நன்மைக்காகத் தாமே செய்ததாகப் பொருள் தருவது. சமைத்துக்கொண்டான், எடுத்துக்கொண்டாள் என்பவற்றில் அது பொருத்தம். விலங்குக்கு அதைப் பூட்டினால், விலங்கு யோசித்து உடம்பை மாற்றியதாகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளை கொள்ளும். பயன்படுத்திய உறுப்பு வளர்ந்து, அவ்வளர்ச்சி குட்டிகளுக்கும் கடத்தப்படும் என்று 1809-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் முன்வைத்த கருத்தை இந்த ஓர் அசை வகுப்பறைக்குள் மீண்டும் அழைத்து வந்துவிடுகிறது. பாடநூல்களிலும் இந்த வழக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் செய்து பார்க்கச் சொல்லும் பெட்டி, செய்து பார்த்ததற்கு நேர்மாறானதைப் படிக்கக் கொடுக்கலாகாது.

மற்றபடி, கிளிப்புகளின் சுருள்வில் ஓராண்டுக்குப் பின்னும் தளரவில்லை. கையுறையின் ஓரம் இரண்டாம் மாதமே கசிந்தது. அகலமான ஒட்டுநாடா அதைச் சரிசெய்தது. 24 பேருக்கான பெட்டி என்று குறிப்பிட்டிருக்கிறார்கள், 36 பேர் உள்ள என் வகுப்பில் சாமணங்கள் மட்டுமே போதவில்லை. ஒரு பாடவேளைக்குள் இரண்டு செயல்பாடுகளை முடிக்கலாம் என்ற அட்டவணையை நம்ப வேண்டாம். அலகுக்கே ஒன்றரைப் பாடவேளை ஆகும்.

அறிவியலில் பழக்கமுள்ள, கையேட்டைத் தள்ளிவைக்கத் துணியும் ஆசிரியருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கையேட்டை வரிக்கு வரி பின்பற்றியாக வேண்டியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். என் பெட்டியின் பட அட்டைகளில் பிழையான வாக்கியங்களின் மேல் மாணவர்களே திருத்தம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ‘திமிலில் நீரைச் சேமித்துக்கொள்ளும்’ என்ற ஒட்டக அட்டையில் ‘நீர்’ அடிக்கப்பட்டுக் ‘கொழுப்பு’ ஏறிவிட்டது. அங்கே ‘கொள்ளும்’ இருக்கலாமா கூடாதா என்பது மட்டும் இரண்டு குழுக்களுக்கு நடுவே இன்னும் தீராத வழக்காக இருக்கிறது.