வால்பாறையில் "யானை நிக்குது சார்" என்று அறையை மாற்றுகிறார்கள், உஷார்

வால்பாறைக்குக் குடும்பத்தோடு போக அறை தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு பங்களா, வாசலில் புல்வெளி, பின்னால் மூடுபனி. ஒரு நாளைக்கு 6,500 ரூபாய். இரண்டு நாள் வாடகையையும் முன்கூட்டியே ஜிபேயில் கேட்டார்கள். "சீசன் சார், பாதி வாங்கினா ஆளுங்க வராம விட்டுடறாங்க" என்றார் போனில் பேசியவர். கூடவே ஒன்று சொன்னார்: "பகல்ல க்ளீனிங் நடக்கும், ஆறரைக்கு மேல வாங்க." இந்த ஆறரை மணியில்தான் விஷயமே இருக்கிறது.

ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஊருக்குள் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பைக்கில் ஒருவர் காத்திருந்தார். "பங்களா ரோட்டுல யானை நிக்குது சார். ஃபாரஸ்ட்காரங்க வண்டியை விடமாட்டேங்கறாங்க. குழந்தைங்க வேற இருக்காங்க. இன்னிக்கு மட்டும் நம்ம இன்னொரு ரூம்ல தங்கிக்குங்க."

வால்பாறையில் யானை நிற்கிறது என்றால் யார் வாதாடுவார்கள்? ஆனைமலைக் காட்டை வெட்டித் தேயிலை போட்ட ஊர் அது. மிச்சமிருக்கும் சோலைகளுக்குத் தோட்டங்களைக் கடந்துதான் யானை போயாக வேண்டும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். அந்த நிஜமான பயத்தை வைத்து இவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

மாற்றிக் கொடுத்த அறை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர், அது முழுக்கப் பாசி. கம்பளியில் ஈர வாடை. குளியலறையில் கீசர் உண்டு, அதற்கான ஸ்விட்ச் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. வெந்நீர் வேண்டுமானால் பக்கெட் 50 ரூபாய். பக்கத்து அறையில் தங்கியிருந்த டிரைவர் தான் 900 ரூபாய் கொடுப்பதாகச் சொன்னார்.

மறுநாளும் யானை நகரவில்லையாம்.

டீக்கடையில் அந்த எஸ்டேட் பெயரைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டார். வால்பாறைத் தோட்டங்களில் பல இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கம் யானை இருந்தால் செல்போன் மூலமாகவே அதை எரியவிடுவார்கள். எஸ்டேட் ஜனங்களுக்கு மெசேஜும் போகும். "ராத்திரி விளக்கும் எரியல, எனக்கு மெசேஜும் வரல. அந்த பங்களாவுல மேனேஜர் குடியிருக்காரு தம்பி. அதை எப்ப வாடகைக்கு விட்டாங்க?"

பைக்கில் வந்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சார் போட்டுப் பேசிய குரல் மாறியது. "ரூம் குடுத்தோம், தங்கினீங்க, அப்புறம் என்ன?" கடைசியில் சமாதானமாக ஒன்று சொன்னார்: "வேணும்னா நைட் ஜீப்ல கூட்டிட்டுப் போறேன். காட்டுமாடு, சிறுத்தை எல்லாம் காட்டறேன்." முந்தின நாள் குழந்தைகளை நினைத்து உருகியவர்தான் இவர்! இந்த இரவு சஃபாரிக்குத் தலையாட்டிவிடாதீர்கள். அது சட்டவிரோதம், பிடிபட்டால் வண்டியில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் வனத்துறை கேட்கும்.

ஊர்மேல் எனக்குக் கோபமில்லை. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். திரும்பி இறங்கும்போது 9ஆவது வளைவில் வரையாடும் கிடைத்தது.

போகிறவர்கள் பகலிலேயே போய்ச் சேருங்கள். பணம் அனுப்புமுன் வீடியோ கால் போட்டு, வாசலில் இருந்து ரோடு வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். ஏமாற்றுக்காரர் அங்கேயே "சிக்னல் இல்லை சார்" என்று நழுவுவார். சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மீதியை அறையைப் பார்த்த பிறகு கொடுங்கள். யானை என்று சொன்னால் வனச்சரக அலுவலகத்திலோ டீக்கடையிலோ ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகாரைப் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். பங்களா படம் அதேதான், ஊர் மட்டும் இப்போது மேகமலை.