கிளிநொச்சியில் ராக்கெட் ஸ்ட்ரிங் கட்டும் ஒரு கடை: இழுவை நன்று, துளைகளில் கவனம் போதாது

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியோரமாக உள்ள ஒரு விளையாட்டுப் பொருட்கடையில் பூப்பந்து ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் கட்டிக் கொடுக்கிறார்கள். அறுந்த ராக்கெட்டை யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வன்னி ஆட்டக்காரருக்கு இது பெரிய ஆறுதல். வேலை எப்படி நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்க்கவும் விடுகிறார்கள்.

இருப்பது மின்சாரம் வேண்டாத, எடைக்கட்டை கொண்ட கை இயந்திரம். எடை தொங்கும் கம்பி கிடைமட்டமாக நிற்கும்போதுதான் குறித்த இழுவிசை கிடைக்கும். நைலோன் இழை நீள நீள, அந்தக் கம்பி தாழ்ந்துவிடும் என்பதால், கடைக்காரர் ஒவ்வோர் இழைக்கும் அதை மீண்டும் உயர்த்திச் சரிபார்த்த பின்னரே கவ்வியை இறுக்குகிறார். இழுத்துப் பூட்டிவிடும் இயந்திரங்களில் பூட்டிய கணத்திலிருந்தே விசை தளரத் தொடங்கும். இதிலோ கவ்வி பிடிக்கும்வரை எடை இழுத்துக்கொண்டே இருக்கும். மெதுவான வேலைதான், ஆனால் மின்வெட்டுக்கு அஞ்சத் தேவையில்லை.

நெடுக்கிழைகளை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறிமாறி இழுக்கிறார்; ஒரு பக்கம் அதிகம் முந்தினால் சட்டம் கோணிவிடும். நான் கேட்டது 24 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 10.9 கிலோ. நெடுக்கை அந்த அளவிலும் குறுக்கை 26 இலும் இழுத்தார். குறுக்கிழை மேலும் கீழுமாக நுழைந்து செல்லும்போது உரசலில் விசை குறைகிறது. அத்துடன், நெடுக்கிழைகள் இழுத்து அகலித்த தலைப்பகுதியைப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவதும் குறுக்கிழைகளே. கேளாமலே இதைச் செய்பவரிடம் ராக்கெட்டை நம்பிக் கொடுக்கலாம்.

குறை, சட்டத்தின் துளைகளில் இழை நுழையும் சிறு பிளாஸ்டிக் குழல்களான குரோமெட்டுகளில்தான். தேய்ந்து பிளந்தவற்றை மாற்றாமல் அப்படியே கட்டிவிட்டார். அந்த ஸ்ட்ரிங் சில வாரங்களிலேயே அறுந்தது. அதுவும் பந்து படும் நடுப்பகுதியில் அல்ல, பிளந்த துளையின் விளிம்பில், கத்தியால் நறுக்கியதுபோல. நடுவில் அறுந்தால் ஆட்டத்தின் தேய்மானம் என்று விட்டுவிடலாம், இதை அப்படி விட முடியவில்லை. மாற்றுக் குரோமெட்டுகள் சில்லறையாகக் கிடைக்கும் பொருள்களே என்பதால், கடையில் ஒரு பொதி வாங்கி வைத்திருக்கலாம்.

ஸ்ட்ரிங் வகைகளில் யோனெக்ஸ் நிறுவனத்தின் பிஜி 65 எப்போதும் கிடைக்கிறது, 0.70 மில்லிமீற்றர் தடிப்புள்ள அது, நாள்தோறும் ஆடுபவருக்குத் தாக்குப்பிடிக்கும். 0.65 மில்லிமீற்றர் அளவுள்ள பிஜி 66 அல்டிமேக்ஸ் போன்ற மெல்லியவற்றுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கூலியும் ஸ்ட்ரிங் விலையும் தனித்தனி. பற்றுச்சீட்டில் இழுவிசையைக் குறிப்பதில்லை. ஆகவே வேண்டிய இறாத்தலை ஒரு துண்டில் எழுதி, கைப்பிடியில் ஒட்டிக் கொடுப்பது நல்லது.